பின்னட்டைக் குறிப்புகள்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
இந்த மாதமும் எனக்கு இரவுப் பணி.
கோழி லாரிகளின் சக்கரத்துக்கு மருந்தடிக்கச் சுகுமாரன்,
பேரேடு எழுத நான்.
எண்ணிக்கை, இனம், நிறம், கொம்பு, சேருமிடம்
எல்லாவற்றுக்கும் கட்டமுண்டு.
எப்படிப் போகிறது என்பதற்கு மட்டும் இல்லை.
அதைப் பின்னட்டையில் எழுதுவேன்,
பென்சிலில்.

பூனை:
முன்கால் எடுத்த இடத்திலேயே
பின்காலை வைக்கிறது.
மருந்துத் தண்ணீர் காயாத சிமெண்டில்
நான்கு கால் போனதற்கு
இரண்டு கால் தடம்தான்.
சுங்கத்துறை கவனிக்க வேண்டிய பிராணி.

கோழி:
கூண்டு குலுங்குகிறது, உடம்பு குலுங்குகிறது,
தலை மட்டும்
காற்றில் ஆணியடித்து மாட்டியதுபோல்
அசையாமல்.

கட்டுவிரியன்:
புல்லுக்குள் தண்ணீராய் ஓடி வந்தது
புதுத் தாரில் ஏறியதும்
உடம்பு முழுக்க நெளிந்தும்
ஒரு முழம் நகரவில்லை.
உந்திக்கொள்ள ஒரு கல்லாவது வேண்டும் அதற்கு.
தடையே இல்லாத சாலையில் திணறுகிறது.

ஒட்டகம்:
ஒரே ஒரு தரம், பக்ரீத்துக்கு நான்கு நாள் முன்.
வலப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக,
பிறகு இடப்பக்கம் இரண்டும்.
யாரோ தொட்டிலை ஆட்டிக்கொண்டே
தெருவில் கொண்டுபோகிற மாதிரி.

யானை:
பார்க்கவில்லை.
விடிந்தபோது சாவடிக்குப் பின்னால்
மணியக்காரரின் வாழைத்தோட்டம் இல்லை.
நான் தூங்கவில்லை என்று
மூன்று பேரிடம் சத்தியம் செய்தேன்.

தாராக்கள்:
குட்டநாட்டுக்காரர் வர்க்கி ஓட்டிவந்தவை, எண்ணூறு.
அனுமதிச் சீட்டு இல்லை.
வாய்க்கால் வழியே எல்லை கடந்துவிட்டன.
எது முதலில் திரும்பியது என்று
எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை.

என்னைப் பற்றி எழுதியதில்லை.
இரண்டு வயதில் வந்த காய்ச்சல்.
இடது கால் தரையைத் தொடுமுன்
ஒரு கணம் யோசிக்கும்.
சுகுமாரன் திரும்பாமலே சொல்வான்,
"மேடம் டீக்குப் போறாங்க."

மாடுகளுக்கு இலாகா வைத்த பெயர் கால்நடை.
எந்தச் சந்தையிலோ ஏற்றினால்
எழுநூறு கிலோமீட்டர்
ஓரடியும் எடுத்துவைக்காமல் வருகின்றன.
மூக்கணாங்கயிறு கம்பியில்.
வளைவுகளில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து சாய்ந்து
இருபத்திரண்டும் ஒரே மாடாகிவிடும்,
எண்பத்தெட்டுக் கால் உள்ள,
நடக்கத் தெரியாத ஒரு மாடு.

புதன்கிழமை ராத்திரி
பைஜுவின் லாரிக்கு அச்சு முறிந்தது.
பலகை சாய்த்து ஒவ்வொன்றாய் இறக்கினார்கள்.
கடைசியில் ஒரு செவலை.
தரகர் குஞ்ஞாலி வாலை முறுக்கப் போனார்.
நான் பார்த்த பார்வையில்
கையை எடுத்துக்கொண்டு,
"நடந்நோளும் சேச்சி, அது நடந்நோளும்" என்றார்.

அது பலகையை முகர்ந்தது.
வலது முன்காலை வைத்தது, எடுத்தது,
மறுபடி வைத்தது.
தொடை நடுங்கிற்று.
பிறகு இறங்கி
சிமெண்டின் மேல்
டொக்
டொக்
டொக்
கொஞ்சம் இடைவெளி
டொக்.

மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு
சுகுமாரன் திரும்பிப் பார்த்தான்,
என் நாற்காலியை.
நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.
மருந்துக் குழாய் அவன் செருப்பின் மேல்
சொட்டிக்கொண்டிருந்தது.

நொண்டும் மாட்டை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது.
பெரும்பாலும் யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை
என்பதால் அது விதியாக மட்டும் இருக்கிறது.
அன்று பேரேட்டில் இருபத்தொன்று என்று எழுதினேன்.
குஞ்ஞாலி இரண்டு மொழியிலும் ஏசினார்.
மலையாளத்தில் கொஞ்சம் நன்றாக ஏசினார்.
மூன்று மணிக்கு வேறு லாரி வந்து
மற்றவற்றை ஏற்றிக்கொண்டு போயிற்று.

செவலையை அவிழ்த்து
வாழை இல்லாத தோட்டத்தில் விட்டோம்.
நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றது.
பின்பு புல் இருக்கும் பக்கமாக
அதன் கணக்கில்
போகத் தொடங்கிற்று.

விடிய இன்னும் நேரம் இருந்தது.
நான் டீக்கு எழுந்தேன்.
சுகுமாரன் எதுவும் சொல்லவில்லை.
மாடுதான் என்று நினைத்திருப்பான்.