முழங்கை மடிப்பு

கானாடுகாத்தானுக்கு வெளியே,
விமானம் இறங்காத ஓடுபாதை
முந்திரிக்காட்டில் முட்டி நிற்கும் இடத்தில்
எங்கள் கேட்.
‘மனிதக்குரங்குகள் அடைக்கலம்’ என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து
வாட்ச்மேன் டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை.
அவர் பெயரும் அடைக்கலம்.

ஆறு பேர் வந்தார்கள், பெட்டிகளில்.
ஐந்து பேர் செம்மண்ணில் இறங்கி
அள்ளி முகர்ந்து தலையில் போட்டுக்கொண்டார்கள்.
இவள் மட்டும் சிமெண்டு விளிம்பிலேயே நடந்தாள்,
கிணற்றுச் சுவர்மேல் நடப்பவள் மாதிரி.
வைக்கோல் பரப்பிக் கொடுத்தோம்.
இன்னும் உட்கார்ந்தேதான் தூங்குகிறாள்.
காகிதத்தில் நானூற்றுப் பதினெட்டு.
நான் பெயர் எதுவும் வைக்கவில்லை.
‘வா’ என்றால் வருகிறாள், போதும்.

கல்லீரல் நோயை உடம்பில் ஏற்றி,
அதற்கான தடுப்பு மருந்தையும் ஏற்றிப் பார்த்தார்களாம்,
இருபத்திரண்டு வருடம்.
டாக்டர் சிகப்பி ஃபைலை வாசிக்க வாசிக்க
எனக்குப் பள்ளத்தூர் சுகாதார நிலையத்தின்
ஐஸ் பெட்டி கண்ணில் வந்தது.
அங்கே பத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை.
பிறந்த ஒரு நாளுக்குள் போடவேண்டிய ஊசி,
தொடையில், அரை மில்லி.
‘ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி.’
எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.
எறும்பு முதலில் யாரைக் கடித்தது என்று
ஒரு தாயும் கேட்டதில்லை.
நானும்.

சாவிக்கொத்து சத்தம் கேட்டால்
கம்பி இடைவெளியில் வலது கையை நீட்டுவாள்,
முஷ்டியை மடக்கி,
முழங்கையின் உள்மடிப்பு மேலே தெரிய.
அடைக்கலம் மோட்டார் ரூமைத் திறந்தாலும்
நீட்டுவாள்.
“நீட்டுற கையில வெல்லம் வைங்க.
தினமும் வைங்க. ஒருநாள் திறக்கும்”
என்றார் சிகப்பி.
வைத்தேன்.
மூடிய விரல்களின் மேலேயே வைத்தேன்.
வெல்லம் உருண்டு விழும்.
எறும்பு வரும், நிஜ எறும்பு.
ஏழு மாதம்.

நேற்று ராத்திரி மழை.
கரண்ட் போய்விட்டது. தகரக் கூரையில்
யாரோ புளியங்கொட்டையைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
மற்ற ஐந்தும் மூலையில் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கிடக்க
இவள் கம்பியோரம் விழித்திருந்தாள்.
சாவியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.
கம்பிக்குள் கை விடக்கூடாது என்பது
விதிமுறையில் இரண்டாம் பக்கம், சிவப்பு எழுத்தில்.
விட்டேன்.

என் கையைப் பிடித்துப் புரட்டினாள்.
புடவைமேல் போட்டிருந்த காக்கிச் சட்டையின் கையை
மெதுவாகச் சுருட்டி மேலே ஏற்றினாள்.
முழங்கை மடிப்பில்
இரண்டு விரலால் தட்டினாள்,
நரம்பு எழும்பட்டும் என்று நாங்கள் தட்டுவோமே, அப்படி.
அவ்வளவு லேசாக
நான் யாரையும் தட்டியதில்லை.

நரம்பு எழுந்தது.
அவளிடம் ஊசி இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தையே பார்த்தபடி
காத்திருந்தாள்,
அடுத்தது என்ன என்று
எனக்குத்தான் தெரியும் என்பதுபோல.