சாய்வு

மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு.
ஏணிப்பலகையில் நின்று எண்ணியவன் நான்தான்,
கையில் ஒரு சின்ன இயந்திரம், தலைக்கு ஒரு சொடுக்கு.
கைக்குழந்தையையும் எண்ண வேண்டும், அது விதி.
நாயை எண்ண வேண்டாம்.

ஆக்லாந்தில் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை.
ரொட்டிக் கடைக்காரர் பாய்மர வடிவில் பிஸ்கட் சுட்டிருந்தார்,
பாதிக்கு மேல் முனை உடைந்தே விற்றது.
படகில் ஏறினால் வாந்தியெடுக்கிறவர்கள்கூட
ஒரு மாதமாகப் பல் மருத்துவரின் வரவேற்பறையில்
காற்றுக் கோணம் பற்றிச் சண்டை போட்டார்கள்.

எங்களுடையது பார்க்கிறவர்களின் படகு.
வார நாட்களில் டெவன்போர்ட்டுக்கு
அலுவலக ஆட்களை ஏற்றி இறக்கும்.
இன்று டிக்கெட் நாலு மடங்கு.

போட்டிப் படகுகள் வலப்புறம் தெரிந்தன.
இருநூற்றுப் பதினெட்டும் வலப்புறம் போயிற்று.
படகு சாய்ந்தது.

ஆர்வத்துக்கு எடை உண்டு, நம்பமாட்டீர்கள்.
நான் அதை முழங்காலில் அளப்பேன்.
நாலு டிகிரியில் காப்பிக் கோப்பை தானாக நகரும்.
ஆறில், அலமாரிக்குள் கரண்டிகள் ஒரு மூலையில் கூடிப் பேசும்.
ஏழானால் கேப்டன் ரொய்மாட்டா
மேலிருந்து ஒலிபெருக்கியில் இருமுவாள்.
அந்த இருமல் எனக்கு.

"பாதிப் பேர் இடப்பக்கம் போங்கள், தயவுசெய்து."
பாதி என்றால்
யாரும் தன்னைச் சொல்வதாக நினைப்பதில்லை.
முழங்கை தொட்டு ஒவ்வொருவராக நகர்த்தினேன்.
இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது? என்றார் ஒருவர்.
கடல், என்றேன்.
அது எல்லாப் பக்கமும்தானே இருக்கிறது, என்றார்.

பிறகு காற்று நின்றது.

நீரைத் தொடாமல் பறக்கவென்று
கோடிகளைக் கொட்டிச் செய்த இரண்டு படகுகள்
வயிறு நனைய உட்கார்ந்தன.
பாய் இருந்தது, பாயவில்லை.
பத்து நிமிடம் மரியாதையாகப் பார்த்தார்கள்.
அப்புறம் காற்றில்லாமலே தூற்றத் தொடங்கினார்கள்,
நடுவரை, வானிலைக்காரரை,
படகுக்குப் பணம் போட்ட விமானக் கம்பெனியை.
கிரேம் டல்லக், குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்,
காதில் வானொலியோடு எங்களுக்குச் செய்தி சொன்னார்:
வர்ணனையாளர் பேச எதுவுமில்லாமல்
மாலுமி ஒருவன் காலையில் தின்ற முட்டையைப் பற்றிப் பேசுகிறாராம்.
எத்தனை முட்டை? என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
கிண்டல் இல்லை.
நிஜமாகவே அதற்குத் தெரிய வேண்டியிருந்தது.

நாலரைக்குப் போட்டி ரத்து.
கூட்டம் கீழே மதுக்கூடத்துக்கு இறங்கியது,
படகு நிமிர்ந்தது.
நாள் முழுக்க நான் கெஞ்சியது
ஒரு பீர் வரிசையில் நடந்துவிட்டது.

ஐந்து மணி இருக்கும்.
ரங்கிடோட்டோத் தீவின் முதுகுக்குப் பின்னாலிருந்து
தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு காற்று வந்தது.
இழுத்துப்போன கயிற்றை உதறிவிட்டு
இரண்டும் எழுந்தன.
கோடு இல்லை, கடிகாரம் இல்லை, எந்தக் கணக்கிலும் ஏறாது.
துரத்தின. துரத்தியது முந்தியதும்
முந்தியது துரத்தியது.
எங்கள் இடப்பக்கம் அவை உரசுகிற தூரத்தில் கடந்தபோது
கம்பிகளின் ஓசை என் பல்லில் கேட்டது.

இடப்பக்கத்தில் மூன்று பேர்.
நான்.
மதியம் நான் நகர்த்தி வைத்த இடத்திலேயே
இன்னும் உட்கார்ந்திருந்த லோசலினே.
திரும்பிப் போகலாம் என்று நீங்கள் சொல்லவேயில்லையே, என்றாள்.
அவள் மடியில், ஒரு சொடுக்குக்கு உரிய தலை,
வாய் திறந்து தூங்கியபடி.

கீழே, திரையில்,
காற்றில்லாத நேரத்தை
மறுபடி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருமல் இல்லை.
முழங்காலை மடக்கிப் பார்த்தேன்,
அரை டிகிரி, இடப்பக்கம்.
மூன்று பேருக்கு அவ்வளவு வராது, தெரியும்.
அலையாக இருக்கலாம்.