ஆள் இல்லாதபோது

பெர்கனில் மழைக்கு இன்று ஒன்பதாம் நாள்.
யாரும் அதைத் திட்டுவதுகூட இல்லை.

டோர்கிரிம் கொண்டுவந்த பெட்டியில்
ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஒரு பன்றியின் சிறுநீர்ப்பை.
காலை ஐந்தரை வரை அதற்கு ஓர் உடம்பு இருந்தது.

ரன்வெய்க் உள்சவ்வை உரிக்கிறாள்.
தீக்குச்சி நீளத்தில் தசைக் கீற்று ஒன்று.
மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி,
சுற்றிலும் முப்பத்தேழு டிகிரியில் உப்புநீர்.
ஒரு கிராம் இழுவை.
இனி ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்,
இருவரும்.

தலை இல்லை, தண்டுவடம் இல்லை,
வழியில் கழிப்பறை உண்டா என்ற கவலை இல்லை.
ஆனாலும் அது சும்மா இல்லை.
திரையில் கோடு லேசாக நெளிகிறது,
தூங்குகிறவரின் விரல்போல.

கார்பக்கால் இரண்டு துளி.
கோடு மலையேறுகிறது.
உள்ளே பூட்டிவைத்த கால்சியம் அவிழ்கிறது,
வெளியே நின்றதும் முண்டியடித்து நுழைகிறது.
தலையில் புள்ளி உள்ளவரை
மெய்யெழுத்து தனியே அசையாது என்று படித்தோமே,
இங்கேயும் அப்படித்தான்.
பாஸ்பேட் ஏறி, மையோசினின் புள்ளி விலகினால்
மெய், உயிர்மெய்.
இழுக்கிறது.
விலகிய புள்ளியைத் திரும்ப வைக்க
ஒரு நொதி ஓயாமல் அலைகிறது,
அதன் கையைப் பிடித்துவைக்க இன்னொரு நொதி.
இந்த இழுபறிக்குத்தான்
அவசரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கழுவு. இருபது நிமிடம். மறுபடி கழுவு.

இப்போது பதினேழாம் எண் மருந்து.
பீட்டா மூன்று என்ற வாசலைத் தட்டும்.
ஓடு, அடி, என்று இதயத்திடம் கத்துகிற
அதே அட்ரீனலின் குடும்பத்துக் குரல்
பையிடம் மட்டும்
'பரவாயில்லை, இன்னும் இடம் இருக்கிறது' என்கிறது.
பொட்டாசியம் கதவைத் திறந்து வெளியே போகிறது.
கோடு இறங்குகிறது,
அவள் மூச்சை மறந்துபோகிற அளவுக்கு மெதுவாக.
மறந்தது மூச்சை மட்டும்தான்.

இரண்டாவது மகன் பிறந்ததிலிருந்து
இந்த ஊரை அவள் கழிப்பறைகளால் அறிவாள்.
மீன் சந்தையில் அட்டை தேய்க்க வேண்டும்.
நூலகத்தில் இரண்டாம் மாடி, சாவி கேட்டு வாங்க வேண்டும்.
பேருந்தில் கண்களை மூடிக்கொள்வாள்,
ஜன்னலில் நீர் வழிவதைப் பார்க்கக் கூடாது.
டோர்கிரிமுக்கு நேர் எதிர்.
பக்கத்தில் ஒருவர் நின்றால் வராது.
ராணுவத்தில் ஓராண்டு முழுவதும்
கடைசி ஆளாகப் போயே கழித்தான்.
அதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்,
அவள் வேலை இது என்பதால்.

மணி இரண்டு நாற்பது.
பத்து நிமிடத்துக்கு ஒரு துளி, எழ முடியாது.
கால்மேல் கால். குதிகால் தரையை அழுத்துகிறது.
கொக்கியில் தொங்குவது யார் என்று
ஒரு கணம் சந்தேகம்.

கடைசித் துளி. ஓட்டம். கதவு. தாழ்ப்பாள்.
உட்கார்ந்தபின்

ஒன்றும் இல்லை.

அடுத்த அறையில் யாரோ மூக்கைச் சிந்துகிறார்கள்.
மூளைத்தண்டில், பாலம் என்று பெயருள்ள இடத்தில்,
ஒரு காவலாளி பச்சை விளக்கைப் போடலாமா என்று யோசிக்கிறான்.
இருபது ஆண்டுகளாக அளந்தவளுக்கும்
'தளர்' என்றொரு கட்டளை கிடையாது.
பிடித்ததை விடுவதுதான் உண்டு,
விடுவதற்குக் கை எங்கே இருக்கிறது?
கூரையில் மழை.
காதை மூடாமல் முதல்முறையாக
அதைக் கேட்கிறாள்.

திரும்பி வந்தால் கோடு தரையில் படுத்திருக்கிறது.
நடுவே ஒரே ஒரு சின்ன மேடு.
துளி எதுவும் விழாத நேரம்,
அறையில் அவள் இல்லாத நேரம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள்: 14.56. தானாக.

"ஏதாவது கோளாறா?" என்று எட்டிப் பார்க்கிறான் டோர்கிரிம்.
"இல்லை. ஆள் இல்லாதபோது அதற்கு வந்திருக்கிறது."

அவன் சிரிக்கக்
கொஞ்ச நேரம் ஆகிறது.