எடைச்சீட்டு

வேலந்தாவளத்தில் இரவு எடைமேடை என் பொறுப்பு.
சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
நூற்றெண்பது தப்படி.
லாரி ஏறும், எண் நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
எடை போடாமல் எதுவும் எல்லை தாண்டியதில்லை,
கள்ளுக்குப் போகிறவர்கள் தவிர.

மாசியில்தான் பேச்சு தொடங்கியது.
முதலில் பார்த்தவன் சுகதன்.
சித்தூர்ப் பக்கத்துத் தோப்பில்
விடிகாலை நாலரைக்குத் தென்னை உச்சியில் இருந்தான்.
தலைக்கு மேல் நட்சத்திரங்கள்
ஒரு முக்கோண அளவுக்கு அணைந்து
மறுபடி எரிந்தனவாம்.
சத்தமே இல்லையாம்.
பாளையில் கத்தி வைத்தபடி
கீழே நின்றவனிடம் கேட்டிருக்கிறான்:
"கறண்டு போயோடா?"

அந்த முக்கோணம்
பிச்சனூர் டீக்கடைக்கு வந்தபோது
திருக்கை மீனாகியிருந்தது.
மாவுத்தம்பதியில் அதற்கு வால்.
நவக்கரையில் யாரோ
பைலட் கையசைத்ததையே பார்த்துவிட்டார்கள்.
"அதுல ஆளே கிடையாதுங்க,
டெல்லியில உக்காந்துட்டு ஓட்டறாங்க"
என்றார் ராக்கியப்பன்.
அவர் மருமகன் சூலூரில்
ஏர்ஃபோர்ஸ் கேன்டீனுக்குத் தக்காளி போடுகிறவன்.
தக்காளி போடுகிறவனுக்குத் தெரியாததா?

கோழிப்பண்ணை பொங்கியண்ணன்
முட்டை குறைந்த கணக்கை எழுதி வைத்தார்:
செவ்வாய் நானூறு, புதன் முந்நூற்றுப் பத்து.
நஷ்டஈடு யாரிடம் கேட்பது என்பதுதான் புரியவில்லை.
இல்லாத ஒன்றின் மேல் மனுப் போட
தாலுகா ஆபீஸில் படிவம் இல்லை.

பிறகு ஒரு ஜீப் வந்தது.
மஃப்டியில் இரண்டு பேர், நல்ல ஷூ.
ஏதாவது பார்த்தீங்களா என்றார்கள்.
யாரும் எதுவும் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதை எழுதிக்கொண்டு
பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.
அதுவரை நம்பாதிருந்த நாலைந்து பேரும்
அன்றைக்குத்தான் நம்பினார்கள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல என்னிடம் இருந்தது இவ்வளவுதான்:

பங்குனி, ஒரு வியாழன், மணி மூன்று பதினேழு.
மேடையில் வண்டி இல்லை.
தவிட்டு லாரிக்காரன் போய் அரைமணி ஆகியிருந்தது.
கணவாய்க் காற்றும் நின்றிருந்தது;
இந்த ஊரில் காற்று நிற்பதே ஒரு செய்தி.
வாசலில் படுத்திருந்த நாய்
எழுந்து, குரைக்க வாய் திறந்து,
குரைக்கவில்லை.
திரையில் பூஜ்யம் அசைந்து
இருபது, நாற்பது.
மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம்
நாற்பதிலேயே நின்றது.
பிறகு பூஜ்யம்.

பழக்கதோஷம், விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.
வண்டி எண் இல்லை.
சரக்கு இல்லை.
எடை நாற்பது கிலோ.
கட்டணம் நூறு ரூபாய்.
காலையில் கணக்கு இடிக்குமே என்று
சட்டைப்பையிலிருந்து நானே போட்டேன்.

எலியாக இருக்கலாம். ஒயரில் ஈரம் ஏறினால்
இப்படிக் காட்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறான்.
நாற்பது கிலோவில் எலி கிடையாது,
பங்குனியில் ஈரமும் கிடையாது.
வெளியே போய் அண்ணாந்து பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் எனக்கும் ஒரு வடிவம் கிடைத்திருக்கும்
சுகதனோடு சண்டை போட.

சீட்டு பர்ஸில் இருக்கிறது.
சூட்டில் அச்சாகிற தாள், எழுத்து நிற்காது.
தேதி போய்விட்டது. கிலோ போய்விட்டது.
நான்கும் பூஜ்யமும்
டியூப்லைட்டில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகின்றன.

நேற்று ராக்கியப்பன் கேட்டார்:
"ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறவரு நீங்க,
உங்க கண்ணுல ஒண்ணும் படலீங்களா?"

லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, வாளையார் சிமெண்டு.
எண் நிற்கட்டும் என்று
கையைக் காட்டினேன்.