ஒதுங்குமிடம்

இன்வர்னஸில் வாடகை வேனின் சாவி கைக்கு வந்ததும்
பகீரதன் இருக்கையைச் சரிசெய்யவில்லை,
கண்ணாடியைத் திருப்பவில்லை.
"எங்க போகோணும்?" என்றான்.
பத்தொன்பது வருடப் பழக்கம்.
வடக்கே, என்றேன். முகவரி இல்லை.

முன் இருக்கை முழுக்க ஐஸ் பெட்டி, அடுப்பு,
இரண்டு கிலோ புட்டு மா.
நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.
லெர்க் பெட்ரோல் கடைக்காரி குனிந்து பார்த்து
டாக்சி இவ்வளவு தூரம் வருமா என்று கேட்டாள்.
அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.
இரண்டு மைல் கழித்து அவனும்.

அதற்குமேல் சாலை பாதியாகிவிடுகிறது.
ஒரு வண்டிக்கு மட்டும் அளந்து ஊற்றிய தார்.
இருபுறமும் சதுப்பு, பஞ்சு முளைத்த கோரை,
மரம் என்ற யோசனையே வராத மலைகள்.
நூறு இருநூறு கஜத்துக்கு ஒருமுறை
சாலைக்குச் சின்னதாய் ஒரு தொந்தி,
கம்பத்தில் வெள்ளைப் பலகை: ஒதுங்குமிடம்.
எதிரே வண்டி தெரிந்தால்
கிட்ட இருப்பவர் ஒதுங்க வேண்டும்.
கடப்பவர் கை தூக்க வேண்டும்.
இந்த நாட்டின் சட்டம் அவ்வளவுதான்.

குரோய்டனில் அவன் பார்த்த கைகள் வேறு மாதிரி.
இங்கே தபால் வேன் கை தூக்கியது.
நாயோடு போன ஆட்டுப்பண்ணைக்காரி தூக்கினாள்.
மீன் லாரிக்காரன்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரல்.
"அதையும் சேர்க்கலாமோ?"
சேர்த்தோம். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்று.
சூடான தாரில் படுத்திருந்த செம்மறி மட்டும்
தன் வீட்டுக் கூடத்துக்குள் செருப்போடு வந்தவர்களைப் போல
எங்களைப் பார்த்தது.
பத்து நிமிடம் காத்திருந்தோம்.
மீட்டர் ஓடவில்லை.

அல்ட்னஹாராவுக்கு வெளியே கை நீட்டி நின்றான் ரூரி,
ரோமம் கத்தரிக்கிற பையன்,
முழங்கை வரை ஆட்டுக் கொழுப்பு மணம்.
டங் வரைக்கும் பதினேழு மைல்.
அவன் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை.
பகீரதனுக்கு எல்லாம் புரிந்தது.
வெள்ளிக்கிழமை விடியச் சாமம் இரண்டு மணிக்கு
ஏறுகிறவர்களின் ஆங்கிலத்தில் பழகிய காது.
இறங்கும்போது பையன் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டினான்.
பகீரதனின் கை தானாகவே பின்னால் வந்தது,
பாதியில் நின்றது,
நோட்டை விட்டுவிட்டு
பையனின் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கியது.

எரிபோல் கடலேரியோரம் நிறுத்தும்போது மணி பத்து.
மலை விளிம்பில் வெயில் இன்னும்
உரித்த தோடம்பழமாய் ஒட்டிக்கொண்டிருந்தது.
கதவைத் திறந்தால் மிட்ஜ் பூச்சிகள்
கண், காது, தேநீர் என்று பார்க்காமல் இறங்கின.
எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.
பதினொன்றரை.
பால் பாக்கெட்டின் தேதியை வாசிக்கலாம், அத்தனை வெளிச்சம்.
அவனுக்குத் தூக்கமில்லை, அது அவனுடைய வேலை நேரம்.
எனக்கும் இல்லை, இருட்டினால்தான் எனக்கு வரும்.

அவன் ராத்திரி ஓட்டினான்.
நான் காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போனேன்.
ஒரே கட்டில்தான், நான் எழுந்த சூட்டில் அவன் படுப்பான்.
ஐந்தேமுக்காலுக்கு எங்கள் குறுகல் வாசலில்
ஒருவர் ஒதுங்குவோம், ஒருவர் போவோம்.
கை தூக்கியதாக ஞாபகம் இல்லை.

"இது எப்ப வந்தது?"
என் புருவத்தின் ஓரத்தைத் தொட்டுக் கேட்டான்.
ஆவி பட்டது, என்றேன்.
இஸ்திரி மெஷின். எட்டு வருஷமிருக்கும்.
அவன் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி,
தெரியாத தெருவின் பெயர்ப்பலகையைப் படிப்பவனைப் போல
வெகுநேரம் பார்த்தான்.
வெளிச்சம் அதற்கும் போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஐஸ் பெட்டி பின்னால் போனது.
டர்னஸ் வரும்போது கணக்கு அறுபத்து நாலு.
அதில் ஒன்று எனக்காம். மீன் லாரிக்காரன்
என்னைப் பார்த்துத்தான் விரல் தூக்கினானாம்.
இல்லை என்கிறேன்.
இன்னும் முடியவில்லை அந்தச் சண்டை.