ஒன்றரை அடி

பலகை பதினாறு.
துறைமுக யார்டில் உடைத்துப் போட்ட மரப்பெட்டியிலிருந்து
நாலு நாலாக, நாலு நாள்
தோளில் கொண்டுவந்தார் எத்திராஜ்.
ஒன்றில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
பக்கத்தில் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை.
"மழ படக்கூடாது, ஒடையக்கூடாதுன்னு அர்த்தம்.
இத்த மேல வெச்சி அடிப்போம்."

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து மூன்றாவது சந்து.
எங்கள் வாசலைத் தோண்டினால்
ஒரு சாண் சாம்பல்,
அதற்குக் கீழே கிளிஞ்சல்,
அதற்கும் கீழே தண்ணீர், வாயில் வைக்க முடியாது.
ஒருமுறை அரைக்கீரை தூவினேன்.
முளைத்தது. வெளுத்தது.
நின்ற வாக்கிலேயே செத்தது.

அதனால்தான் தரைக்கு மேல் ஒரு தரை.
அடியில் தார்ப்பாய்:
கீழே இருப்பதும் மேலே இருப்பதும் பேசிக்கொள்ளக் கூடாது.
ஓரத்தில் மட்டும், நீர் வடிய, சுண்டுவிரல் நுழைகிற ஓட்டைகள்.
செங்குன்றத்துச் செம்மண் நாலு மூட்டை,
ஆட்டோவுக்குத் தனிக் காசு.
ஜுலைகா வீட்டு ஆட்டுப் புழுக்கை சும்மா வந்தது.

விதை என் கடையிலேயே இருந்தது.
ரயில்வே கேட் ஓரம் நாலு மணிக்கு பஜ்ஜி போடுகிறவள் நான்.
மூட்டையின் அடியில் கண் விட்டுக் கிடந்ததை
யாருக்கும் போட முடியாது.
கண்ணுக்கு ஒரு துண்டாக நறுக்கி
வெட்டிய முகத்தில் சாம்பல் தடவினேன்.
இது விறகுச் சாம்பல், வேறு.

கார்த்திகை பத்து.
"மெட்ராஸ்ல உருளையா? ஊட்டின்னு நெனப்பா ஒனக்கு?"
தலையிலிருந்த மீன் கூடையை இறக்காமலே கேட்டாள் ரெஜினா.
தண்டு ஏற ஏற மண் அணைத்தேன்.
மூட மூடத்தான் அது காய்க்குமாம்.

அப்புறம் அந்த மழை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் கால் நனைந்தது.
தண்ணீர் கறுப்பு. டீசல் வாடை.
ரேஷன் கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
ஜுலைகா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம்,
ஒரு படியில் நாங்கள், ஒரு படியில் ஆடுகள்.
விடிந்து பார்த்தால் சந்து இல்லை.
தண்ணீருக்கு நடுவே பச்சையாய் ஒரு சதுரம்.
எத்திராஜ் வாய்விட்டுச் சிரித்தார்,
வீட்டுக்குள் டிவி மிதந்துகொண்டிருந்தது.

நீர் வடிந்தபின் அளந்தோம். ஒன்றேகால் அடி.
மேல் பலகையில், கோப்பையின் காம்பைச் சுற்றி
ஒரு எண்ணெய்க் கோடு.
தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
தேய்க்கும்போதுதான் ஓட்டைகள் கண்ணில் பட்டன.
உள்ளே இருப்பது வெளியே போக வைத்த வழி.
வெளியே இருப்பதற்கு அது தெரியாதா என்ன?
இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மாசியில் இலை மஞ்சளித்தது.
மண்வெட்டி வேண்டாமென்று கையாலேயே துழாவினோம்.
இருபத்து மூன்று.
பெரியது எலுமிச்சை, சின்னது கோலிக்குண்டு.
ரெஜினாவின் தராசில்
முக்கால் கிலோவுக்கு ஒரு நெத்திலி கம்மி.
செலவு ஆயிரத்து நூற்று நாற்பது.
அந்த நேரம் பார்த்துத்தானா
தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போக வேண்டும்,
மூணு கிலோ நூறு, மூணு கிலோ நூறு.

ஒன்றை நறுக்கி முகர்ந்தேன்.
ஜுலைகா முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டு.
"என் மூக்குல மீனத் தவிர எதுவும் ஏறாது" என்றாள் ரெஜினா.
வேகவைத்தேன்.
எத்திராஜ் முதல் கிழங்கைத் தோலோடு கடித்தார்.
"உப்பு போட்டுட்டியா?"
"இன்னும் இல்ல."

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.
நானும் ஒன்றை எடுத்தேன்.
நல்ல ருசி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவரின் தோளில்
இரண்டு பலகை.
இன்னும் இரண்டு வேண்டும்.