முப்பத்துமூன்று

அல்கோரில் அந்த வியாழக்கிழமை
ஏசியின் முனகல் தவிர வேறு பேச்சில்லாத அறை.
இடப்பக்கமாகப் புரண்டு படுக்கச் சொன்னேன்.
ஜெல் சில்லென்று பட்டதும் சிரித்தார்.
வில்பர் கொண்டோரி, நாற்பத்தேழு,
குழாய் வெல்டர், பொலிவியா.
எதையோ கொண்டவர் என்றுதான்
என் தமிழ்க் காதில் அந்தப் பெயர் விழுந்தது.

நான் மருத்துவன் அல்ல, இருதயத்தைப் படம் பிடிப்பவன்.
நாளுக்குப் பதினெட்டு.
பெரும்பாலும் புரோட்டாவும் சிகரெட்டும்
மாதக் கடைசியும் அடைத்தவை.
எந்தச் சுவர் சோர்ந்திருக்கும் என்று
கை முன்பே போய் நிற்கும்.

இது அப்படியில்லை.
மேலே எல்லாம் ஒருவாறு இழுத்துக்கொண்டிருக்க
நுனி மட்டும் நின்றுபோயிருந்தது.
நின்றதோடு விடாமல்
ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே பிதுங்கியது,
பழைய சைக்கிள் டியூபில்
ரப்பர் மெலிந்த இடம்போல.
அதற்குள் ரத்தம்
வழி தெரியாத புகையாகச் சுற்றியது.

போன வாரமே கம்பி விட்டுப் பார்த்திருந்தார்கள்.
குழாய்களில் அடைப்பு ஒன்றுகூட இல்லை.

டாக்டர் முஸ்அப், சூடான்காரர்,
திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு
சின்ன வயதில் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று கேட்டார்.
இருதய டாக்டர் சுவரை விசாரித்து
நான் கேட்டதில்லை.
மண், என்றார் கொண்டோரி. மண்ணும் வைக்கோலும்.
பிறகு அவரே, விஞ்சூக்கா, என்று
போனில் படம் எடுத்துக் காட்டினார்.
மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா முறை சொல்லலாம்,
அத்தனை பெரிது.

சுவர் வெடிப்பிலிருந்து இருட்டில் இறங்கும்.
தூங்கும் முகத்தில், கண்ணோரம்,
வலிக்காமல் குடிக்கும்.
குடித்த இடத்திலேயே கழித்துவிட்டுப் போகும்.
நோய் வாயில் இல்லை, அந்தக் கழிவில்.
அரிக்கிறதென்று பிள்ளை தேய்க்கும்.
ஆக, கடித்தது பூச்சி.
உள்ளே விட்டது சொந்தக் கை.

ஏழு வயதில் ஒரு கண் வீங்கி
ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.
பிறகு நாற்பது வருஷம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பது நாம் சொல்வது.
அது தசைநாருக்குள் குடியிருந்து, பெருகி,
நாரைக் கிழித்து அடுத்த நாருக்குப் போனது.
விரட்டப் போன உடம்பும் சேர்ந்து எரித்தது.
எரிந்த இடத்தில் தழும்பு.
தழும்புக்குச் சுருங்கத் தெரியாது.
துடிப்பை எடுத்துப்போகும் வழியும் அங்கங்கே அறுந்து
ஒருநாள் பதிவில், இரவு மூன்றேகாலுக்கு,
நான்கு வினாடி வெறும் கோடு.
அப்போது கனவு, என்றார்,
சாரத்திலிருந்து விழுவதாக.

விசா மெடிக்கலில் நெஞ்சைப் படமெடுத்தார்கள்.
ரத்தம் எடுத்தார்கள்.
பட்டியலில் உள்ளதையெல்லாம் தேடினார்கள்.
பட்டியலில் இது இல்லை.
பன்னிரண்டு வருஷமாக ஃபிட்.

ஒரு துடிப்புக்கு
நூற்றில் எத்தனை பங்கு ரத்தம் வெளியேறுகிறது?
அந்த எண்ணை நான்தான் எழுத வேண்டும்.
நாற்பது போடலாமா, என்றார்.
பேரம் பேசுகிற குரல் இல்லை,
வெல்டிங் முகமூடிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது.
மார்ச் வரைக்கும். மகளுக்குக் கடைசி ஃபீஸ்.

மூன்று முறை அளந்தேன்.
முப்பது. முப்பத்தொன்று. முப்பத்துமூன்று.
முப்பத்துமூன்றை எழுதினேன்.
பொய் இல்லை.
உதவியும் இல்லை.

டிஷ்யூ கொடுத்தேன். நெஞ்சை
ஓரம் ஓரமாக, பிசிறில்லாமல் துடைத்துக்கொண்டு,
கம்பெனி ஆள் நிற்கும் கதவுக்குப் போகுமுன்
திரையைக் காட்டி, அணைக்கவில்லையா, என்றார்.
அவர் நுனி அதில் உறைந்து நின்றது.

இரவு, மூன்று பேர் அறையில்,
கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது.
போர்வை நூலாக இருக்கும்.
கை தானாக எழுந்தது.
பாதியில் பிடித்து
தலையணைக்கடியில் செருகிக்கொண்டேன்.